நான் தேய்க்காத பித்தளை

என் சமையலறைப் பலகையில் குடம், சொம்பு, குத்துவிளக்கு எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மின்னும். செஞ்சிக் கடைத்தெருப் பக்கம் பித்தளை துலக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னது. அவற்றின் நடுவில் ஒன்று மட்டும் கறுத்து, பச்சை பூத்துக் கிடக்கிறது. விரல் நீளத்தில் சின்னப் புனல் மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் டிரம்பெட் ஊதும்போது உதட்டில் வைக்கிற முனை அது. மவுத்பீஸ் என்பார்கள். "இன்னா ஆயா, இத மட்டும் இப்புடிப் போட்டு வச்சிருக்க? குடு, நான் தேச்சித் தரேன்" என்று பக்கத்து வீட்டு மருமகள் போன வாரம்கூடக் கை நீட்டினாள். தட்டிவிட்டேன்.

எண்பதுகளில் அவர் இங்கே ஒரு பேண்டு செட்டில் முதல் டிரம்பெட். ஊர்வலம் கிளம்பும்போது தனியாக எழும்புகிற குரல் அவருடையது. அதன் பிறகுதான் மற்றக் குழல்களும் டிரம்மும் சேரும். டிரம்பெட் பேண்டுக் கடையிலேயே இருக்கும், மவுத்பீஸ் மட்டும் சட்டைப்பையில் வீட்டுக்கு வரும். விடிந்ததும் அதை உதட்டில் வைத்து வண்டு மாதிரி ஊதிக்கொண்டிருப்பார். நான் சிரித்தால், "சத்தம் ஒதட்டுல பொறக்குதுமே. கொழா அத்தப் பெருசு பண்ணுது, அவ்ளோதான்" என்பார். ஊதும்போது கன்னம் உப்பாது, வயிறுதான் ஏறி இறங்கும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. முகூர்த்த நாட்களில் வீட்டில் நான் ஒருத்திதான். ஊர்வலச் சத்தம் ராஜகிரிக் கோட்டைப் பாறையில் பட்டுத் திரும்பி வரும்போது, அதில் அவருடையதை வாசற்படியில் நின்றே பிரித்துக் கேட்பேன். அதுதான் எனக்குத் துணை.

சாயங்காலம் மவுத்பீஸைக் கழுவ என்னிடம் கொடுப்பார். நான் சும்மா கழுவுவேனா? புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். மாதக்கணக்கில் தேய்த்ததில் வெளுப்பு போய் மஞ்சள் வந்தது. அழுக்கு போனது என்றே நினைத்தேன். "பாருய்யா, தங்கமாட்டம் ஆக்கிட்டேன்" என்று நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் கைக்கு ஈடா யாரு வருவா" என்றார்.

கொஞ்ச நாளில் அவர் உதடு வட்டமாகப் புண்ணாகி வீங்கியது. அந்த நேரம் பார்த்துக் கடைத்தெருவில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணம். காலை ஊர்வலம். வாசலில் நின்றேன். அவர் குரல் எழும்பியது, ஏறுகிற இடத்தில் பிசிறிக் காற்றாகப் போனது. அடுத்து எழும்பியது வேறு ஆளின் குரல். பேண்டு மாஸ்டர் அன்றைக்கே அவரை இரண்டாவது டிரம்பெட்டுக்கு மாற்றிவிட்டார். முதல் இடம் ஒருமுறை போனால் லேசில் திரும்பாது. வீட்டுக்கு வந்தவருக்கு நான் ஆறுதலா சொன்னேன்? "தெருவே சிரிக்குது. ஊத முடியலன்னா வுட்டுட வேண்டியதுதான" என்றேன். அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

அதோடு வீட்டில் வண்டுச் சத்தம் நின்றது. "கடையிலயே ஊதிக்கிறேன்" என்றார். என் பேச்சு மேல் கோபம் என்று நினைத்தேன். கேட்க எனக்கு ரோஷம். விடிகாலையில் வீடு வெறிச்சென்று கிடந்தது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். சில மாதம் கழித்து, முதல் குரல் மறுபடியும் அவருடையதாகப் பாறையிலிருந்து திரும்பி வந்தது. அங்காளம்மா கண் திறந்தாள் என்று மாவிளக்குப் போட்டேன். கடைசிவரை சாயங்காலம் தவறாமல் மவுத்பீஸை அடுப்பங்கரையில் வைப்பார். நானும் தேய்ப்பேன்.

அவர் காரியம் முடிந்த அன்று பேண்டு மாஸ்டர் டிரம்பெட் பெட்டியோடு வந்தார். திறந்தால் உள்ளே இன்னொரு மவுத்பீஸ், வெள்ளைவெளேரென்று.

"வூட்டுல இருக்கிற பழசு மேலயும் இதே மாதிரி வெள்ளிப் பூச்சு இருந்திச்சி அண்ணி. அது போயி வெறும் பித்தளை பட்டா அண்ணனுக்கு ஒதடு புண்ணாயிடும். அதான் இத்த வாங்கி ஊதினாரு."

"அப்ப நான் தேச்சது?"

மாஸ்டர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அவகிட்ட சொல்லிடாதீங்கடா, அவ தேய்க்கட்டும்னாரு."

வெள்ளியை, ஊதுகிறவனுக்கே கொடு என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். மஞ்சளை அன்றிலிருந்து தேய்க்கவில்லை. இப்போதும் சாயங்காலம் புளி கரைத்தால் கை தானாக அதன் பக்கம் போகும், போய்த் திரும்பிவிடும். ஊரே என் பித்தளையைப் புகழ்ந்தது. கெட்டுப்போச்சு என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் அவர்தான். சொல்லாமலே போய்விட்டார்.