இரண்டு ஊர், ஒரு கோல்கீப்பர்

ரொறன்ரோவில் உதைபந்தாட்டம் கோடையில்தான் நடக்கிறது என்று நம்புகிறவர்கள், தொண்ணூறுகளில் பார்க்டேலில் இருந்த எங்கள் வீட்டுத் தொலைபேசியைப் பார்த்திருக்க மாட்டார்கள். கோடையில் நடந்தது வெறும் ஓட்டம். உண்மையான ஆட்டம் பனி விழத் தொடங்கிய பிறகு எங்கள் சமையலறைச் சுவரில் நடந்தது. அடிக்கிற மணியை யார் முந்தி எடுப்பது என்பதில் அப்பாவும் அம்மாவும் காட்டிய வேகத்தை மைதானத்தில் நான் பிறகு எவரிடமும் கண்டதில்லை.

காரணம் எளிது. யாழ்ப்பாணத்து ஊர்கள் பலவற்றுக்கும் இங்கே ஒவ்வொரு கழகம் இருந்தது. ஒருவன் தகப்பனுடைய ஊருக்கு ஆடலாம், தாயினுடைய ஊருக்கும் ஆடலாம். கலியாணம் கட்டினால் மனைவியின் ஊரும் அவனைக் கேட்கலாம். ஆனால் ஒரு கோடைக்கு ஒரே ஒரு ஊர்தான். பனி கரைந்ததும் நடக்கும் பொதுக்கூட்டத்தில், எந்த ஊர் மனேச்சரின் கையிலிருந்து சேட்டு, அதாவது ஆட்டச் சட்டை, வாங்குகிறானோ, அந்த வருஷம் அவன் அந்த ஊர்க்காரன். பதினொரு சேட்டும் கொடுத்து முடிக்காத கழகத்தை அந்த வருஷம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் அண்ணா அந்தக் குளிர்காலத்தில் பெரியவர்களின் ஆட்டத்தில் சேரும் வயதை எட்டியிருந்தான். கோல்கீப்பர். கையை நீட்டினால் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒளித்துவைத்த பிஸ்கற் பேணியைக் கதிரை போடாமலே எடுப்பான். வாய் மட்டும் நீளவில்லை. அவனிடமிருந்து ஒரு முழு வசனம் வாங்குவதைவிட அவனுக்குக் கோல் அடிப்பது சுலபம். அப்படியான ஒருவனுக்காகத்தான் இரண்டு ஊர்கள் அடிபட்டன.

அப்பாவின் ஊர்க் கழகத்துக்குப் பெரியப்பா மனேச்சர். நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் இருந்தார். பெரிய ஊர், பெரிய கழகம். வாங்கிலில் மாற்று ஆட்களாகக் குந்தியிருப்பவர்களை வைத்தே இன்னொரு கழகம் நடத்தலாம். கோல்கீப்பர்கள் மட்டும் இரண்டு பேர் இருந்தார்கள்.

“மூண்டாவது எதுக்கண்ணை?” என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

“தேவையோ இல்லையோ, எங்கட பெடியன் எங்கட வாங்கிலிலதான் இருக்கவேணும். அவன் மற்றப் பக்கம் போய் எங்கட பந்தைப் பிடிச்சானெண்டா அது ஆருக்கு வெக்கம்?” என்றார் பெரியப்பா. அவர் கேள்வியில் முடித்தால் அது தீர்ப்பு என்று அர்த்தம்.

அம்மாவின் ஊர்க் கழகத்துக்கு அம்மாவின் தம்பி, என்னுடைய மாமா, மனேச்சர். அவரே தலைவர், அவரே இடது பக்கத் தடுப்பு, அவரே ஆட்களை ஏற்றும் வானை ஓட்டுகிறவர். முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு நடப்பார். அவருக்கு அந்த வருஷம் இல்லாதது எது என்று கேட்பதைவிட இருப்பது எது என்று கேட்டால் பதில் சுருக்கமாக இருக்கும். கோல்கீப்பர் மொன்றியலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நடுவில் ஆடிய ஒருவருக்குச் சனி ஞாயிறு வேலை. வலது விங்கர் பனியில் வழுக்கிக் கையை முறித்தார். இடது விங்கரை அவர்கள் கலியாணம் பேசித்தான் எடுத்தார்கள். மாப்பிள்ளை என்ன படித்தவர் என்று பெண் வீட்டார் கேட்டபோது, “இடது காலால நல்லா அடிப்பார்” என்று மாமா பதில் சொன்னதாக எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கலியாணம் நன்றாகத்தான் நடக்கிறது. காலும் இன்னும் இருக்கிறது.

அம்மாவின் ஊருக்கு ஏன் ஆட்கள் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. “அங்க இப்ப ஆரும் போகேலாது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் இருந்த இடத்தில் தெரு திருத்தும்போதெல்லாம் பஸ்ஸை வேறு வழியால் திருப்பிவிடுவார்கள். அங்கேயும் அப்படி ஏதோ வேலை நடக்கிறது, முடிந்ததும் திறப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆமி முகாம் போடுவதற்காக ஒரு ஊர்ச் சனத்தை முழுதாக எழுப்பித் துரத்திவிடலாம் என்பது என் ஒன்பது வயது மூளைக்கு எட்டாத திட்டம்.

ஆக, விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். பெரியப்பா வந்தால் மட்டின் றோல்ஸ் வரும், பெட்டியோடு. அண்ணாவுக்குப் புதுக் கையுறையும் வந்தது. மாமா வந்தால் அம்மாவுக்குப் பிடித்த நண்டு வரும். அண்ணா இரண்டையும் ஒரே மாதிரித் தின்றுவிட்டு, “பாப்பம்” என்பான். அந்த ஒரு சொல்லை வைத்து இரண்டு ஊரும் மாசக்கணக்கில் சண்டை பிடித்தன. எனக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அண்ணாவின் மதிப்பு ஏறியது. என் நிறை ஏறியது.

பிறகு அப்பாவும் அம்மாவும் நேரே கதைப்பதை நிறுத்தினார்கள். என்னைக்கொண்டு கதைத்தார்கள்.

“அப்பாட்டைச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு.”

“அம்மாட்டைச் சொல்லு, நான் கேக்கேல்லை எண்டு.”

“அப்பாட்டைச் சொல்லு, கேக்காததுகளுக்கும் நான்தான் ஊத்துறனான் எண்டு.”

மூன்று அடி அகலச் சமையலறையில் இந்தத் தபால் சேவையை நான் நடத்தினேன். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நாட்களில்தான் என் வகுப்பில் பக்கத்தில் இருந்த போர்த்துக்கீசப் பெடியன் தன் பெற்றோர் பிரிந்துவிட்ட விபரத்தைச் சொன்னான். அவனுக்கு இப்போது இரண்டு வீடு, இரண்டு பல்துலக்கி. முதலில் கதைப்பதை நிறுத்துவார்கள், பிறகு பிள்ளைகளைக்கொண்டு கதைப்பார்கள், பிறகு யாரோ ஒருவர் சூட்கேசைக் கீழே இறக்குவார் என்று அவன் படிப்படியாக விளக்கினான். வயதுக்கு மீறிய அனுபவசாலி. நாங்கள் இரண்டாம் படியில் நிற்கிறோம் என்று எனக்கு உடனே விளங்கியது. மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அவனுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்ட பிறகுதான் ஓரளவு நிதானம் வந்தது.

வீட்டுக்கு வந்து மனதுக்குள் பாகம் பிரித்தேன். ரீவி அப்பாவுக்கு, செய்தி பார்ப்பார். இடியப்ப உரல் அம்மாவுக்கு. சோறு அவிக்கும் குக்கர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நான். இதுவரை சிக்கலில்லை. சிக்கல் எங்கே வந்ததென்றால், அண்ணாவை ஒரு பக்கம் எடுத்தால் சமன் செய்வதற்கு மற்றப் பக்கத்துக்கு என்னைத் தருவார்கள். அண்ணா அம்மாவின் ஊருக்குப் போனால் நான் அப்பாவோடு ரெக்ஸ்டேலுக்கு, பெரியப்பா வீட்டுக்கு. பெரியப்பா வீட்டில் சாப்பிடுவதற்கு முன் வாய்ப்பாடு சொல்லவேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டில் நான் பட்டினி கிடந்து செத்துப்போவேன்.

அன்று இராச்சாப்பாட்டில் சமாதானத் திட்டம் ஒன்றை வைத்தேன்.

“அண்ணா முதல் பாதி அப்பாட ஊருக்கு விளையாடட்டும். ரெண்டாவது பாதி அம்மாட ஊருக்கு.”

அம்மா கரண்டியைப் பாதியில் நிறுத்தினார். “ரெண்டு ஊரும் ஒண்டோட ஒண்டு விளையாடினால்?”

“அப்ப அவனுக்கு வேலையே இல்லை. எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் அவன்தான் வெண்டது” என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டார். பிறகு தான் அப்பாவோடு கதைப்பதில்லை என்பது நினைவுக்கு வந்து, என்னைப் பார்த்து, “சாப்பிடடா வாயை மூடிக்கொண்டு” என்றார். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கிற துணிவு எனக்கு அப்போது இருக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அப்பாவும் அண்ணாவும் உடுப்புத் தோய்க்கக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போனார்கள். மறந்துபோன துவாயைக் கொடுத்துவர அம்மா என்னை அனுப்பினார். உள்ளே அப்பா காய்ந்த காலுறைகளைச் சோடி சேர்த்து உருட்டி, ஒவ்வொன்றாக அண்ணாவுக்கு எறிந்துகொண்டிருந்தார். அண்ணா ஒற்றைக் கையால் பிடித்துக் கூடைக்குள் போட்டான்.

“பெரியப்பா ஏசுவாரே” என்றான் அண்ணா.

“அண்ணையோட நான் கதைக்கிறன். அவருக்கு நீ மூண்டாவது ஆள். மற்றப் பக்கம் நீ இல்லாட்டி ரீமே இல்லை. பத்துப் பேரோட மாமா என்ன செய்யிறது?” அப்பா கடைசிச் சோடியை மேலே, கூரைக்குழாய்க்குக் கிட்ட எறிந்தார். அண்ணா பாய்ந்து பிடித்தான். “அம்மாட்டை இப்ப ஒண்டும் சொல்லாதை, என்ன?”

“ஓம்.”

இப்போது எழுதும்போது எல்லாம் பட்டப்பகல்போலத் தெரிகிறது. அன்று கதவுக்கு வெளியே துவாயோடு நின்ற எனக்கோ கடைசி வசனம் மட்டும்தான் காதில் நின்றது. அம்மாவிடம் சொல்லக்கூடாத ஒன்றை அடித்தளத்தில் வைத்துத் தீர்மானித்துவிட்டார்கள். மூன்றாம் படி. துவாயைக் கதவுப்பிடியில் கொழுவிவிட்டு ஓடிப்போய் அலுமாரிக்கு மேலே பார்த்தேன். சூட்கேஸ் இருந்தது. ஒரு கதிரையை வைத்து ஏறி, அதன் கைபிடியை அலுமாரிக் கொளுக்கியோடு என் சப்பாத்து நூலால் கட்டினேன். கனடாவின் குடும்பச் சட்டத்தை ஒரு சப்பாத்து நூலால் தடுத்துவிட்ட திருப்தியோடு இறங்கினேன்.

கூட்டம் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. வாசலில் சேறும் உப்பும் பிடித்த சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. உள்ளே வடை வாசம். ஒவ்வொரு ஊர் மனேச்சரும் ஒரு மேசையில் சேட்டுகளை மடித்து அடுக்கி வைத்திருந்தார். பெரியப்பாவின் மேசையில் கத்தரிப்பூ நிறம். எல்லாம் புதுசு, பொலித்தீன் பையோடு. மாமாவின் மேசையில் மஞ்சள். தோய்த்துத் தோய்த்து வெளிறிய மஞ்சள். அம்மா என்னை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்வரிசையில் இருந்தார். அப்பா முன்னால் தமையனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

அப்பாவின் ஊர் முறை முதலில் வந்தது. பெடியன்கள் வரிசையாகப் போய்ச் சேட்டு வாங்கினார்கள். ஒரு சேட்டைப் பெரியப்பா கையிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவைப் பார்த்தார். அண்ணா சப்பாத்து நுனியைப் பார்த்தான். அப்பா பெரியப்பாவின் காதில் ஏதோ சொன்னார். பெரியப்பாவின் கழுத்து மெல்லமெல்லச் சேட்டின் நிறத்துக்கு வந்தது. பிறகு அவர் சேட்டை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் பின்வரிசைக்கும் கேட்டது.

மாமாவின் முறை வந்தபோது பத்து மஞ்சள் சேட்டுகள் போயின. ஒன்று மேசையில் கிடந்தது. மாமா அதைத் தொடவில்லை. எங்கள் பக்கம் பார்க்கவும் இல்லை. கூட்டத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

“அவ்வளவுதானே, தம்பி?”

“கொஞ்சம் பொறுங்கோ, அண்ணை” என்றார் மாமா. யாருக்காகப் பொறுப்பது என்று அவருக்கே தெரியாது என்பது குரலில் தெரிந்தது. அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது.

அண்ணா எழுந்தான். கத்தரிப்பூ மேசையைத் தாண்டி நடந்தான். மாமாவின் முன்னால் நின்று கையை நீட்டினான். மாமா சேட்டை எடுத்தார், கொடுக்க மறந்து அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாதான் மெதுவாகக் கழற்றி எடுக்கவேண்டியிருந்தது.

மஞ்சள் பக்கம் கை தட்டினார்கள். எனக்கோ உலகம் இரண்டாகிவிட்டது. அம்மாவின் பக்கம் அம்மா, அண்ணா, மாமா, நண்டு. அப்பாவின் பக்கம் அப்பா மட்டும், அதுவும் வாய்ப்பாடு கேட்கிற தமையனோடு. நான் கையை உதறிக்கொண்டு மண்டபத்தின் நடுவால் ஓடினேன். பெரியப்பாவின் மேசையில் கிடந்த சேட்டில் இரண்டு கையையும் வைத்தேன்.

“என்னைச் சேருங்கோ பெரியப்பா.”

பெரியப்பா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதிக தூரம் இருக்கவில்லை. “நீ என்ன இடத்தில விளையாடுவாய்?”

“எங்க விட்டாலும்.”

“உவனை றோல்ஸ் பெட்டிக்குக் கோல்கீப்பரா விடுங்கோ, ஒண்டும் உள்ள விடமாட்டான்!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். முழு மண்டபமும் சிரித்தது. பெரியப்பாவின் வாயோரமும் அசைந்தது. சேட்டை என் தலைக்கு மேலால் இறக்கிவிட்டார். அது முழங்காலுக்குக் கீழே வந்தது. அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “ஏனடா அழுகிறாய்?” என்று கேட்டார். ரெக்ஸ்டேல் போகும்போது குக்கரையும் எடுத்துக்கொண்டு போவோம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஓம் என்றார்.

யாரும் ரெக்ஸ்டேல் போகவில்லை. திரும்பிவரும்போது, தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் அம்மா நேரடியாக அப்பாவிடம், “நீங்கள்தானே சொன்னது?” என்று கேட்டார். “எனக்கென்ன தெரியும், உம்மட பெடியனைக் கேளும்” என்றார் அப்பா, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. அம்மா தன் கையுறையைக் கழற்றி அவருடைய கைக்குள் கையை வைத்தார். தபால் சேவை அத்துடன் மூடப்பட்டது. நான் வேலையிழந்தேன்.

அந்தக் கோடையில் இரண்டு ஊரும் மோதிய நாளும் வந்தது. அண்ணா பாயாத இடமில்லை. இருந்தும் பெரியப்பாவின் பெடியன்கள் ஆறு கோல் அடித்தார்கள். மாமாவின் பக்கத்தால் ஒன்றும் இல்லை. நான் கத்தரிப்பூச் சேட்டில், முழங்காலை மறைத்துக்கொண்டு, ஆறு தரமும் துள்ளினேன். அப்பா ஒருதரமும் துள்ளவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று அண்ணாவுக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் பெரியப்பாவோடு கார்களில் ஏறிப் போய்விட்டார்கள். தோற்றவர்கள் மரத்துக்குக் கீழே துணி விரித்து, சோற்றுச் சட்டிகளைத் திறந்தார்கள். பதினொருவரும் ஊத்தையான மஞ்சள் சேட்டுகளைக் கழற்றாமலே சாப்பிட்டார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்த கிழவர்களும் பெண்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஊரில் எந்த ஒழுங்கையில் எத்தனையாம் வீடு என்று விசாரித்தார்கள். மாமா பெருங்குரலில் சிரித்தார். ஆறு கோல் வாங்கிய ஊர் அது. வெட்கத்தோடு சுருட்டிக்கொண்டு போகவேண்டியவர்கள். இருட்டி, நுளம்பு கடித்து, பூங்காக்காரன் வந்து கேற் பூட்டப்போகிறேன் என்று சொன்ன பிறகும், அவர்களில் ஒருவர்கூட ஏன் எழும்பவில்லை என்று, கத்தரிப்பூச் சேட்டோடு மாமாவின் வானுக்குப் பக்கத்தில் நின்று நுளம்படித்துக்கொண்டிருந்த எனக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை.