அரசாங்கம் கட்டிக் கொடுத்த தூண்டில் வளைவு

மாமனார் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கன்னியாகுமரிப் பக்கம் கடலோர ஊர்க்காரர். கிறிஸ்தவர், கடலில் மீன் பிடிப்பவர். நான் வடக்குப்பட்டு விவசாயக் குடும்பம். அவருடைய மகளும் நானும் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே லைனில் வேலை பார்த்தோம். அவரைக் கேட்காமலே கல்யாணம் செய்துகொண்டு குன்றத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். மகளோடு போனில் பேசுவார். என்னோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் பேசியபோது, அவனுக்குக் கடலைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று மகளிடம் கேட்டிருக்கிறார். புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் என் மனைவி, லீவு நாள் தவறாமல் நான் கடற்கரைக்குப் போய்த் தூண்டில் போடுகிற ஆள் என்று அளந்துவிட்டாள். கடலிலேயா என்று அவர் இரண்டு தடவை கேட்டாராம். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அந்த இடத்தைக் காட்டச் சொல் என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் ஏரித் தண்ணீர். அதிலும் மீன் பிடித்ததைவிட மாடு கழுவியதுதான் அதிகம். பொய் சொன்ன நீயே இடத்தையும் சொல்லு என்றேன். பாறை உள்ள இடத்தில்தான் மீன் ஒதுங்கும் என்று அப்பா சொல்வார், அதற்கு மேல் தெரியாது என்றாள். அவர்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் பாறை. எங்கள் பக்கத்துக் கடற்கரையோ தோசைக்கல் மாதிரி தட்டை.

லைனில் போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மெஷின் நின்றால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பயிற்சி உண்டு. டீ பிரேக்கில் கடலையும் அதே முறையில் விசாரித்தார்கள். பைக் நிறுத்த நிழல் வேண்டும், பக்கத்தில் டீக்கடை வேண்டும், பிரியாணி கிடைத்தால் உத்தமம் என்று முடிவானது. மீனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சூப்பர்வைசர்தான் செல்போனில் ஒரு செய்தித் தலைப்பைக் காட்டினார். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் 'தூண்டில் வளைவு' கட்டி முடித்துவிட்டார்களாம். கூடவே பெரிய பெரிய கற்களின் படமும் இருந்தது.

"கவர்மெண்டே தூண்டில் போட இடம் கட்டிக் குட்த்துகீது. பாறையும் கீது. இன்னாத்துக்கு யோசிச்சினு கீற?" என்றார்.

ஞாயிறு காலை வந்து இறங்கிய மாமனார், காபி குடித்த கையோடு கிளம்பிவிட்டார். பைக்கில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். புதிதாக வாங்கிய தூண்டில் கம்பு பழசாகத் தெரியட்டும் என்று நான் முந்தின நாளே கொஞ்சம் சேறு பூசி வைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தோம். கருங்கற்கள் கரையிலிருந்து கடலுக்குள் வளைந்து போயிருந்தன. இதுதான் நம்ம இடம் மாமா, தூண்டில் போடுவதற்கென்றே அரசாங்கம் கட்டியது என்று பெருமையாகச் சொன்னேன். தூண்டில் போடவா என்று கேட்டார்.

"பேரே தூண்டில் வளைவுதானே மாமா" என்றேன்.

மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வலை உலர்த்திக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அவரிடமும் சொல்ல, இருவருமாகச் சிரித்தார்கள். கடல் வீடுகளை அடித்துக்கொண்டு போகாமல் இருக்கக் கொட்டுகிற கல்லாம் அது. தூண்டில் முள் மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயராம். அப்படியே கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது. நீச்சலும் தெரியாது.

முகத்தை மறைக்கத் தூண்டிலை வீசினேன். முதல் வீச்சிலேயே முள் கல்லிடுக்கில் மாட்டி நைலான் நரம்பு அறுந்தது. நீங்களாவது போடுங்கள் என்று கம்பை அவரிடம் நீட்டினேன். தான் வள்ளத்தில் போய் வலை போடுகிறவன், கம்பைத் தொட்டதே இல்லை என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இந்தக் கல்லுக்காக அவர்கள் ஊரில் வருஷக்கணக்காக மனுக் கொடுத்தார்களாம். கல் வந்து சேர்வதற்குள் அவர் வீட்டின் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கரையை விட்டு உள்ளே தள்ளித் தன் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார். என் மனைவி இதை என்னிடம் சொன்னதே இல்லை.

"கடல் பக்கமே இருக்கப்பிடாதுன்னுதான் அவள இங்க வேலைக்கு அனுப்பினேன். ஒனக்குக் கடலு தெரியும்னு அவ சொன்னதுலேருந்து எனக்கு ஒறக்கமே இல்ல, பாத்துக்க" என்றார்.

நான் அறுந்த நரம்பைக் கம்பில் சுற்ற ஆரம்பித்தேன். அவர் என் தோளில் கை போட்டார்.

"ஒனக்கு ஒரு மண்ணும் தெரியாதுல்லா. இனி நான் நிம்மதியா ஊருக்குப் போவேன்."