உயிரோடிருந்தவருக்கு அடித்த துக்கமணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அந்தக் கூச்சம் ஒரு பக்கம். காலையும் மாலையும் ஜெபமாலை சொல்கிற வாயை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மேல் இத்தனை ஆத்திரமா என்ற பயம் இன்னொரு பக்கம். பேனாவை எடுப்பேன், மாதா படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன்.

போன மாதம் என் மருமகள் வாரப் பத்திரிகையில் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். பாதியில் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டாள்.

"என்ன அத்தை இது, நான் பொறக்கறதுக்கு முந்தி நடந்த சண்டை. எனக்கு ஏன் அழுகை வருது?"

"துப்பாக்கியப் படிச்சா அழுகை வந்துச்சு?"

யோசித்தாள். "இல்ல அத்தை. டீ குடிக்கறப்ப, ஊர்ல மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவாங்கன்னு நெனச்சேன்னு எழுதியிருக்காரு. அங்கதான்."

அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்கு மேற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. என் கணவர் பட்டாளத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்தார். வீட்டில் நான், மாமியார், கைக்குழந்தை. மிராசுதாரிடம் குத்தகைக்குப் பிடித்த மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர்தான் எங்கள் சோறு. குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று அப்போது சட்டம் இருந்தது. புது ஆட்சி வந்ததும் மிராசுதார் தோள் துண்டின் கரையை மாற்றிக்கொண்டார். எங்கள் நிலத்தின் மேல் வைத்த கண்ணை மட்டும் மாற்றவில்லை. செங்கொடிச் சங்கத்துக்கும் அவருக்கும் கூலித் தகராறு ஓயாமல் நடந்த காலம். குத்தகைக்காரர் கையில் இருக்கிற நிலத்தையெல்லாம் தன் பண்ணையாகச் சேர்த்துக்கொள்ளத் துடித்தார்.

எழுபத்தொன்றில் வங்காளத்துச் சண்டை மூண்டது. என் கணவரின் கடுதாசி நின்றது. சண்டை முடிந்து, ஜெயித்துவிட்டோம் என்று ரேடியோ சொன்ன பிறகும் சேதி இல்லை.

தை பிறந்து சம்பா தலை சாய்ந்து நின்றது. ஒரு நாள் காலை வரப்போரம் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். மாதா கோயிலில் துக்கமணி அடித்தது. எங்கள் வேதக்கார சனத்தில் ஒரு பழக்கம் உண்டு. துக்கமணி காதில் விழுந்தால், செத்தது யார் என்று கேட்பதற்கு முன்பே கையில் இருப்பதைக் கீழே வைத்து, சிலுவை போட்டு, அந்த ஆத்துமாவுக்காக நித்திய இளைப்பாற்றி ஜெபம் சொல்லிவிடுவோம். யாராயிருந்தால் என்ன, ஆத்துமா ஆத்துமாதானே. நானும் அரிவாளை வைத்தேன். சேற்றுக் கையாலேயே சிலுவை போட்டேன். முழு ஜெபத்தையும் சொன்னேன். உருக்கமாகவே சொன்னேன்.

பிறகுதான் என் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அடிப் பாவி மவளே, ஒன் புருஷனுக்குத்தான்டி அடிக்கறாங்க!"

கோயிலுக்கு ஓடினேன். பூசை வைக்கிற சாமியார் பெரிய பங்குக் கோயிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்தான் கோயிலுக்குப் பொறுப்பு. கயிற்றை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தந்தி வந்துச்சாம்மா. மிராசுதார் ஐயாவோட காரியஸ்தர் சொன்னாரு."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"ஐயா வீட்டுக்குல்ல வந்துச்சு. ஐயா பொய்யா சொல்லுவாங்க?"

"எங்க வீட்டு ஆளு செத்தா ஐயா வீட்டுக்கு ஏங்க தந்தி வருது?"

அந்த மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. கயிற்றை விட்டுவிட்டார்.

மத்தியானம் காரியஸ்தர் வெள்ளைப் புடவை ஒன்றும் அரிவாளோடு ஆட்களுமாக, நான் திரும்பி வந்து நின்ற வயலுக்கே வந்துவிட்டார்.

"மணி அடிச்சாச்சு. பூசைக்கும் ஐயாவே சொல்லிட்டாங்க, பெரிய மனசு. குத்தகைக்காரன் போயிட்டான், நெலம் ஐயாவுது. ஒத்தப் பொம்பள நீ என்னம்மா பண்ணுவே? தள்ளு, ஆளுங்க எறங்கட்டும்."

கணவன் செத்தாலும் பெண்சாதிக்குக் குத்தகை உரிமை உண்டாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்தப் புடவையை வாங்கினேன், வரப்பில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். "அவரு வந்து சொல்லட்டும், எந்திரிக்கிறேன்" என்றேன்.

பக்கத்து வயலில் அறுத்துக்கொண்டிருந்த சங்கத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் மூத்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏங்க காரியஸ்தரே, மணி அடிச்சா ஆளு செத்துருவாங்கன்னா, ஒங்க ஐயாவுக்கு ஒரு தரம் அடிச்சுப் பாப்பமா?"

"ஐயாவுக்கு எதுக்குக்கா, மொதல்ல இவருக்கு அடிப்பம். கயிறு கைக்கெட்டற தூரத்துலதான் தொங்குது" என்றாள் இன்னொருத்தி.

காரியஸ்தரோடு வந்த ஆட்களே சிரித்துவிட்டார்கள். ஒருவரும் வயலில் இறங்கவில்லை. அந்தப் பெண்கள் என்னோடு நின்று அறுத்துக் களம் சேர்த்துக் கொடுத்தார்கள். போகும்போது காரியஸ்தர், "நெல்லு ஒனக்கு, நெலம் எங்களுக்கு. குறுவைக்கு எங்க ஏர்தான் எறங்கும்" என்றார். என் கணவர் உயிரோடு வந்து நின்றால் ஒழிய அதற்குப் பதில் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் அவர் வந்தார். பஸ்ஸிலிருந்து காலை இழுத்து இழுத்து இறங்கினார். கல்கத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அங்கிருந்து எழுதச் சொன்ன கடுதாசிகள் எங்கே போயினவோ. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அறுப்பு ஆயிடுச்சா?"

மிராசுதார் கெட்டிக்காரர். பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்துவிட்டார். பொன்னாடையும் அவரே போர்த்துவதாக ஏற்பாடு. என் கணவருக்குப் போக மனசில்லை. நான்தான் அனுப்பினேன்.

"போங்க. போயிப் பேசுங்க. நான் அழுததுக்கு அந்தாளு அழுவணும்."

மேடையில் அவர் சண்டையைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அங்கயும் நம்ம ஊரு மாதிரி ஆறு, வாய்க்கா, சேறுங்க. நாங்க பாலம் போட்ட எடத்துல முத்தின வயல் ஒண்ணு அறுக்க ஆளில்லாம நின்னுச்சு. ஒரு பொம்பள வரப்புலயே ஒக்காந்திருந்தா. ஆம்பளைங்க யாரும் இல்ல. சாப்பாட்டு நேரத்துல நாங்க நாலஞ்சு பேரு எறங்கி அறுத்துக் குடுத்தோம். எம் பொஞ்சாதிக்கு யாரு அறுத்துக் குடுக்கறாங்களோன்னு நெனச்சுக்கிட்டேதான் அறுத்தேன்."

கூட்டம் அழுதது. பீரங்கி என்றபோது அழாதவர்கள் அந்த வயலுக்கு அழுதார்கள். என் மருமகளும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற இடத்தில்தானே அழுதாள். போனவர் அங்கே நினைத்தது இங்கே நம் வாசலாக இருக்கிறது. எத்தனை வருஷம் ஆனாலும் அது நம்மைத் தொடாமல் போகாது.

பிறகு என் கணவர் திரும்பி மிராசுதாரைப் பார்த்தார். "நான் அங்க அறுத்துக் குடுத்துட்டு ஆஸ்பத்திரியில கெடந்த நேரத்துல, எம் பொஞ்சாதி வயல அறுக்க ஆளு அனுப்புனது நீங்கதானுங்களே ஐயா? நான் செத்துட்டேன்னு வந்த தந்திய இந்தக் கூட்டத்துக்கு ஒரு தரம் காட்டுங்களேன்."

மிராசுதார் கையில் பொன்னாடை விரிந்தபடி இருந்தது. போர்த்தவும் முடியவில்லை, மடிக்கவும் முடியவில்லை. கூட்டத்தில் யாரோ, "காட்டுங்கய்யா!" என்றார்கள். அவர் முகம் கோணிப் போனதை நான் முன்வரிசையில் நின்று பார்த்தேன். எனக்கு இனித்தது. அதை மறைத்து எழுத மாட்டேன்.

அந்தக் குறுவைக்கு அவர் ஏரைப் பிடிக்க ஊரில் ஓர் ஆள் கிடைக்கவில்லை. நாங்கள்தான் நட்டோம். இன்றைக்கும் நாங்கள்தான் நடுகிறோம்.

பாவசங்கீர்த்தனத்தில், பாவங்களை அறிக்கையிடும்போது, சாமியார் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார், "மன்னிச்சிடும்மா." "நெலத்துக்கு மன்னிச்சிட்டேன் சாமி. எம் புருஷன் சாவுக்கு என் வாயாலயே ஜெபம் சொல்ல வச்சதுக்கு மன்னிக்க முடியல" என்பேன். மிராசுதார் செத்து வெகுகாலம் ஆகிறது. உலகத்திலுள்ள எல்லா ஆத்துமாக்களுக்காகவும் ஜெபமாலை சொல்கிறேன். அவர் முகம் நினைவில் வந்தால் அடுத்த மணிக்கு விரலை நகர்த்திவிடுகிறேன். கடவுள் கேட்டால் கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

என் கணவர் இருந்தவரை இந்தக் கதையை யாரும் திருத்தத் துணியவில்லை. அவர் வாயால் சொல்ல அவர் இருந்தார். இப்போது அவரும் போய்விட்டார். உடனே பள்ளிக்கூட விழா மலரில் மிராசுதார் மகன் எழுதுகிறார்: பட்டாளத்துக்காரர் காணாமல் போனபோது என் தகப்பனார் மதம் பார்க்காமல் பூசை வைத்து, அந்தக் குடும்பத்தைத் தாங்கினார் என்று. படித்தவர்கள் அவருக்குக் கை கொடுத்தார்களாம்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். பாவம், அவரும் யாரோ சொன்னதை நம்பியிருப்பார் என்று இரக்கப்பட்டு ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். தந்தி வரவில்லை. மணி அடிக்கச் சொன்னது மிராசுதார்.