அம்புக்குறி ஒட்டிய தீபாவளிப் பரிசு

நல்லூர் பனியன் கம்பெனியில் நான் ஆபீஸ் வேலை பார்த்தபோது, செக்கிங் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். அவர் கட்டைவிரலில் எப்போதும் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். துணியில் ஓட்டை கண்ட இடத்தில் அந்த அம்புக்குறியை ஒட்டிக் கழித்துப் போடுவது அவர் வேலை.

தீபாவளிக்கு ஆளுக்கொரு டி-ஷர்ட் பையில் போட்டுக் கொடுத்தோம். லீவு முடிந்து வந்ததும் அக்கா அதே பையை என் மேஜையில் வைத்தார். உள்ளே டி-ஷர்ட்டை அழகாக மடித்து வைத்திருந்தார். அக்குள் பக்கம் புதிதாக ஒரு சிவப்பு அம்பு. மேலே நான்கு முறுக்கு.

"இது நான் கழிச்சுப் போட்ட பீஸுங்க. ஸ்டிக்கரை உரிச்சுட்டு எனக்கே குடுத்துட்டீங்க. தப்பா நெனைக்காதீங்க, வேண்டாமுங்க."

"முறுக்கு எதுக்குங்க அக்கா?"

"வெறும் பையாத் திருப்பிக் குடுக்கறது மொறையில்லீங்களே."

ஸ்டிக்கரை உரித்தவன் நான்தான்.

பையை முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் முறுக்கைத் தின்றுகொண்டே, டி-ஷர்ட்டைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னார். அம்பை மறுபடியும் உரித்தேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க சார்" என்றாள்.

செக்கிங் மேஜையிலிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.