நாலாம் வரிசையின் மேகம்

மார்ச் 2 – வெயில் – 1.6
மார்ச் 9 – மேகம் – 3.9
மார்ச் 16 – வெயில் – 1.5
ஏப்ரல் 6 – வெயில் – 4.7
ஏப்ரல் 13 – வெயில் – 4.8
ஏப்ரல் 20 – வெயில் – 4.7

சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் கூடத்தில் நாலாம் வரிசை விளக்குகள் ஒரு நாளில் எரித்த மின்சாரம் இது, யூனிட் கணக்கில். மீட்டர் படிப்பது என் வேலை. முப்பத்தோரு வருடம் பார்த்தேன். அன்றைய வானத்தையும் குறித்து வைக்கும்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் காரணமும் இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்த பத்தி அது. அந்தப் பத்தியால் வேலை போன ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் எங்கள் எலக்ட்ரீஷியன். ஒல்லி உடம்பு. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் ஏணிதான் அவரைத் தூக்கி வருவதுபோல் இருக்கும். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பதினொன்று, அக்காவுக்குப் பதினேழு. அக்கா சட்டை மடிக்கும் வேலைக்குப் போய்த் தம்பியைத் தொழில் படிக்க வைத்தார். பிறகு கணவரை இழந்து, தம்பி வீட்டோடு வந்துவிட்டார். இருவரும் எங்கள் தொழிற்சாலையில்தான் இருந்தார்கள். அக்காவுக்குச் செக்கிங்கில் நாலாம் வரிசை, ஆறாவது மேசை. ஜன்னலிலிருந்து பதினாறு மீட்டர் உள்ளே, சுவரை ஒட்டி.

கூடம் புதிது. ஒரு பக்கம் முழுக்க உயரமான ஜன்னல்கள். பகல் வெளிச்சம் எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்கு விளக்கு தானாக மங்கிவிடும், மின்சாரம் மிச்சம். வரிசைக்கு ஒரு சென்சார் கூரையில் இருந்தது. பெண்கள் அதைக் கண் என்பார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளக்குகளின் கம்பியை ஜன்னலிலிருந்து உள்சுவர் வரை நீளமாக இழுத்திருந்தார்கள். கண் இருந்ததோ ஜன்னலுக்கு இரண்டு மீட்டரில். ஜன்னலோரம் வெயில் அடித்ததும் வரிசை முழுவதும் மங்கும், ஆறாவது மேசை உட்பட. எலக்ட்ரீஷியன் ஒரு நாள் உச்சிவெயில் நேரத்தில் மேசைகளில் விழும் வெளிச்சத்தைக் கருவி வைத்து அளந்தார். முதல் மேசையில் 1,120 லக்ஸ். ஆறாவதில் 198. கருந்துணி பார்க்க 750 வேண்டும். வெளியே வெயில் ஏற ஏற உள்ளே இருட்டியது.

தையல் விட்ட சட்டை ஒன்று வாங்குபவர் வரை போய்த் திரும்பினால், பார்த்தவர் பெயருக்கு ஒரு சிவப்புக் குறி. மூன்று விழுந்தால் வேலை இல்லை. அக்காவுக்கு அக்டோபரில் ஒன்று, மார்ச் 18இல் ஒன்று.

"கருநீலத் துணியில கருப்பு நூல்டா. மூக்கை வெச்சு மோந்துதான் பாக்கணும்" என்றார் அக்கா. அப்போது நான் மீட்டர் அருகில் நின்றிருந்தேன்.

"மோந்தே பாரேன். உன் மூக்குக்கு எதுதான் தப்பியிருக்கு?"

"உனக்குச் சிரிப்பு. இன்னொரு குறி விழுந்தா உன் பொண்டாட்டி கையைப் பாத்துக்கிட்டு நான் உக்காரணும். அது நடக்காதுடா. அதுக்கு முன்னாடி எங்கயாவது போயிடுவேன்."

தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அன்றே எஞ்சினியரிடம் போனார். கம்பியை ஜன்னலுக்கு இணையாகக் குறுக்கே ஓட்டினால் ஓரத்து மேசைகளுக்கு மட்டும் மங்கும், உள்ளே முழுதாக எரியும், மிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று படம் போட்டுக் காட்டினார்.

"சீலிங்கை மூடியாச்சுப்பா. கட்டடத்துக்கு விருதே குடுத்துட்டாங்க. இப்ப வந்து கம்பி தப்புங்கிற."

"விருது குடுத்தவங்க ஜன்னலோரமா நின்னிருப்பாங்க சார்."

எஞ்சினியருக்கு முகம் சுருங்கிவிட்டது. மார்ச் 23 அன்று, அளவுகளை எல்லாம் போட்டுக் கட்டடம் வடிவமைத்த கம்பெனிக்கு நானும் எலக்ட்ரீஷியனும் ஒரு கடிதம் எழுதினோம். கையெழுத்து என்னுடையது, கையொப்பம் அவருடையது. பதில் இல்லை.

ஏப்ரல் 2 அன்று, சட்டைக் காலருக்குள் வைக்கும் அட்டையை வட்டமாக வெட்டி, ஏணியில் ஏறி, நாலாம் வரிசையின் கண்ணை மூடினார். இருட்டிவிட்டது என்று நினைத்துக் கண் விளக்கை முழுதாக எரியவிட்டது. காலையில் ஒட்டுவார், சூப்பர்வைசர் வரும் நேரம் எடுப்பார். அந்த வரிசைப் பெண்கள் அவருக்கு மேகம் என்று பெயர் வைத்தார்கள். "வெயில் ஏறுதுடி, மேகத்தைக் கூப்பிடு" என்பார்கள். மற்ற வரிசைகளிலும் கேட்டார்கள். "ஒரு வரிசைன்னா மேகம். எட்டு வரிசைன்னா மழைக்காலம். மாட்டிக்குவேன் தாயி" என்று கும்பிடு போட்டார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அக்காவின் மேசையிலிருந்து ஒரு சட்டைகூடத் திரும்பவில்லை.

ஒரு நாள் என் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

"ஐயா, வெயில்னு எழுதுற எடத்துல மேகம்னு போட்டுடுங்களேன். ரெண்டும் மூணெழுத்துதானே."

"இல்லாத மேகத்தை எங்கேருந்துய்யா கொண்டு வர்றது?"

"அதான் எதிர்ல நிக்கிறேனே."

நானும் சிரித்தேன். எழுதியதை மாற்றவில்லை. நான் எழுதியதை எந்த அதிகாரியும் அதுவரை படித்ததில்லை.

ஜூன் 18, வியாழக்கிழமை, மின்சாரத் தணிக்கைக்கு ஒருவர் வந்தார். பதிவேட்டைப் புரட்டி, "இந்த வானம் பத்தி யார் எழுதுறது?" என்றார். நான்தான் என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு சார். வேற எங்கயும் இப்படிப் பாத்ததில்லை." எனக்குப் பெருமையாக இருந்தது. தேநீர் வரவழைத்தேன். அவர் விரல் நாலாம் வரிசையில் நின்றது. "வெயில்னு போட்டிருக்கீங்க. நாலே முக்கால் யூனிட் போயிருக்கே?"

நான் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் எழுந்து கூடத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். அட்டை அங்கேயே இருந்தது.

ஜூன் 22இல் எலக்ட்ரீஷியனை வெளியே அனுப்பினார்கள். வேலைச் சான்றிதழில், கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்தவர் என்று எழுதினார்கள். 198 லக்ஸ் கணக்கை எடுத்துக்கொண்டு நான் மேனேஜரிடம் போனேன். "நீங்க மீட்டர் படிக்கிறவர். மீட்டரை மட்டும் படிங்க" என்றார். திரும்பி வந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் நின்று பேசியிருக்கலாம்.

அட்டை எடுக்கப்பட்ட இருபத்தோராம் நாள், ஜூலை 9 அன்று, அக்காவுக்கு மூன்றாவது குறி விழுந்தது. அன்று மாலையே கணக்கை முடித்து அனுப்பினார்கள்.

அந்தச் சான்றிதழோடு தம்பியை எந்தத் தொழிற்சாலையும் எடுக்கவில்லை. ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி இறக்கினார். இரண்டு விரல் நுனிகள் மரத்துப்போயின. அக்கா வீட்டில் காகிதப் பை ஒட்டினார். தம்பி மனைவி ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. அதுதான் தாங்கவில்லை என்று என்னிடம் சொன்னார் அக்கா. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தார்.

மறு வருடம் பிப்ரவரியில் 1,140 சட்டைகள் மொத்தமாகத் திரும்பின. அதன் பிறகு சீலிங்கைப் பிரித்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பியைக் குறுக்கே மாற்றினார்கள். ஆறாவது மேசையில் நானே அளந்தேன்: 764. கிடங்கு வாசலில் நின்று அவரிடம் சொன்னேன்.

"அப்ப அக்காவைத் திரும்ப எடுத்துப்பாங்கல்ல ஐயா?"

"உனக்கும் சேர்த்து எழுதுறேன்."

"எனக்கு வேணாம். நான் தெரிஞ்சு செஞ்சேன். அவளுக்கு வெளிச்சம் இல்லாமதான் வேலை போச்சு. அவளுக்கு மட்டும் எழுதுங்க."

மார்ச் 8இல் தொழிற்சாலைக்கு எழுதினேன். மார்ச் 31இல் ஓய்வு பெற்றேன். ஜூலை 5இல் மறுபடி எழுதினேன். அவர்கள் வீடு மாறிக்கொண்டே இருந்ததால் பதிலுக்கு என் முகவரியைக் கொடுத்திருந்தேன். ஞாயிறுதோறும் தம்பி வேலை முடிந்து வந்து, பதில் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போவார். உட்கார மாட்டார்.

மூன்றாவதாக அக்டோபர் 11இல் எழுதியதற்குத்தான் பதில் வந்தது. நான்கு வரி. பதிவேட்டில் இவர் பெயருக்கு மூன்று சிவப்புக் குறிகள் உள்ளன. மூன்று குறி பெற்றவர்களை மீண்டும் எடுக்கும் வழக்கம் இல்லை. குறிகள் முறைப்படி இடப்பட்டவை. இது குறித்து இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம். வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடிதம் வந்து சேர்ந்தது நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை. தம்பி வந்து கேட்கும் ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.