போட்டு வாறன்

மெல்போர்ன், 1973 ஜூலை. ஃப்ளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனில் ரயிலுக்காக நிற்கிறேன். குளிரில் காது எரிகிறது. நடைமேடையில் என் நிறத்தில் இன்னும் ஒரே ஒருவர், கறுப்புக் கோட்டுக்காரர். என் கையிலிருக்கும் தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "இதில இருங்கோ" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் தருகிறார்.

உட்கார்ந்து, "நீங்க கேரளாவா?" என்கிறேன்.

"இந்தியாவில இருந்து வாற எல்லாரும் உந்தக் கேள்வியைத்தான் கேக்கிறியள். நான் கொழும்பு."

"ஓ, சிலோனா?"

"கப்பலேறேக்க சிலோன். இஞ்ச வந்தாப் பிறகு ஸ்ரீலங்கா எண்டு மாத்திப்போட்டாங்கள். பாஸ்போட்டில இன்னும் பழைய பேர். அதுதான் ஆர் கேட்டாலும் கொழும்பு எண்டு சொல்லுறனான். அந்தப் பேர் அப்பிடியே இருக்கு."

கொழும்பின் கடலைப் பற்றிக் கேட்கலாமென்று வாயெடுக்கிறேன். அதற்குள் அவருடைய ரயில் வந்துவிடுகிறது.

"போட்டு வாறன்" என்று எழுகிறார்.

எதைப் போட்டுவிட்டு வரப்போகிறார்? அவர் கைகளைப் பார்க்கிறேன். அவருக்குப் புரிந்துவிடுகிறது.

"போயிட்டு வாறன் எண்டதை நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது" என்கிறார். பெட்டியில் ஏறி, கதவருகே திரும்புகிறார். "கொழும்புத் துறைமுகத்தில அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னனான்."