மேல்வீட்டுக் குளியலறை

காலை ஏழேகால் மணிக்கு மேல்வீட்டில் சிரிப்பு ஆரம்பித்துவிடும். முதலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அப்புறம் அவர் எதையோ சொல்வார். உடனே அவள் சிரிப்பாள். இரண்டு பேரும் ஒரே குளியலறைக்குள். அவருக்கு அறுபத்திரண்டு வயது, அவளுக்கு ஐம்பத்தெட்டு. கீழே என் குளியலறையில் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நான் அப்படியே நின்றுவிடுவேன்.

அவர்கள் இரண்டாம் மாடி, நாங்கள் முதல் மாடி. குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, இரண்டும் ஏழடிக்கு ஐந்தடிதான். இரண்டின் கண்ணாடிப் பட்டை ஜன்னல்களும் கழிவுநீர்க் குழாய் இறங்கும் அதே சந்துக்குள்தான் திறக்கின்றன. அந்தச் சந்தில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. மேலே இருமினால் கீழே கேட்கும்.

என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் ஆவடி தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்கள். குவார்ட்டர்ஸிலும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஓய்வு பெறும் சமயத்தில் சேர்ந்தே அம்பத்தூரில் வீடு பார்த்தோம். நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான். வாஷிங் மிஷின் அவள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. மருமகனும் அவளுக்குத்தான் முதலில் வந்தான். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இந்தச் சிரிப்பு மட்டும் பழகவில்லை.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது. பேச்சும் கிடையாது. சோபாவில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மரியாதையாக நகர்ந்து இடம் விடுவார். காபி வேண்டும், கரண்ட் போய்விட்டது, மோட்டார் போட்டாயா என்ற மூன்று விஷயத்தில் ஒருநாள் முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஆளோடு முப்பத்தொரு வருஷம் ஓட்டியவள், தலைக்கு மேல் அந்தச் சிரிப்பைக் கேட்டால் வயிறு எரியாதா? எனக்கு நன்றாகவே எரிந்தது.

அந்தச் சிரிப்பெல்லாம் அவர்கள் குளியலறையை இடித்துக் கட்டிய பிறகு வந்ததுதான். வேலை நடந்தபோது எங்கள் கூரையில் ஈரம் பூத்தது. வேலை முடிந்த கையோடு அதைச் சாக்காக வைத்து மேலே போனேன். அவர்தான் கதவைத் திறந்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எங்கள் எல்லோர் வீட்டிலும் கால் தடுக்கும் வாசற்கட்டையை அங்கே எடுத்திருந்தார்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது, உள்ளே இடம் தாராளமாகத் தெரிந்தது. தரையில் வழுக்காத சாம்பல் நிற டைல்ஸ். மூலையில் கறுப்பு கிரானைட்டில் ஒரு திண்டு, உட்கார்ந்து குளிக்க. அதன் பக்கத்தில் எட்டும் உயரத்தில் கைஷவர். சுவரில் பளபளவென்று இரண்டு தடிமனான ஸ்டீல் ராடு. பார்த்தவுடன் பெரிய ஹோட்டல் அறை போலத் தோன்றியது.

அவள் ஹாலில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்துகூட வரவில்லை. டீயை அவர்தான் போட்டுக் கொண்டுவந்தார். மகாராணி என்று நினைத்துக்கொண்டேன். புதுக் குளியலறை வந்ததிலிருந்தே அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வருவதில்லை. பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தில் வாழை இலையில் சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டாள். நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அப்படிச் சாப்பிட்டுக் காட்டினேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நம் குளியலறையையும் மாற்ற வேண்டும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் அப்போது உண்மையாகவே நம்பினேன். இடம் மாறினால் மனிதரும் மாறுவார் என்று நம்பினேன். அழகான இடம் இருந்தால் இவரும் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து ஏதாவது சொல்வார், நான் சிரிப்பேன், அது குழாய்ச் சந்து வழியாக மேலே போகும்.

மேல்வீட்டில் வேலை பார்த்த அதே மேஸ்திரியைத்தான் பிடித்தேன். கொரட்டூர்க்காரர். அளவு எடுக்க டேப்பை நீட்டியவரிடம், மேலே இருப்பதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றேன்.

"அந்த திண்டுமா?"

"திண்டும்தான்."

"செவுத்துல ராடு ரெண்டு கீதே, அது உங்களுக்கு இன்னாத்துக்கும்மா? துண்டு போட வேற ராடு போட்டுத் தர்றேன்."

"மேல இருக்குல்ல? அப்ப இங்கயும் வேணும்."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரிம்மா, போட்டுக்கினா போச்சு" என்று சொல்லிவிட்டு அளவைக் குறித்துக்கொண்டார்.

மேலே இல்லாதது இரண்டு சேர்த்தேன். சுவர் முழுக்கக் கறுப்பு டைல்ஸ். தலைக்கு மேல் தாம்பாளம் அளவுக்கு ஒரு ஷவர். கறுப்பு வேண்டாம், நம் போர் தண்ணீருக்கு உப்புப் பூத்துவிடும் என்று மேஸ்திரி சொன்னார். நான் கேட்கவில்லை. பத்து வருஷமாக உழைத்த சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டையும் கம்பிப் பிடி போட்ட பெரிய இரும்பு வாளியையும் பால்கனிக்குத் துரத்தினேன். அப்படிப்பட்ட குளியலறையில் வாளியா வைப்பார்கள்?

வேலை முடிந்து மூன்றாம் வாரம் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. ஷவரின் பாதிக் கண் உப்பில் அடைத்து, தண்ணீர் காது பக்கமாகப் பீச்சியது. ஒரு ராடில் என் நைட்டியும் இன்னொன்றில் என் வீட்டுக்காரரின் லுங்கியும் தொங்கின. அவர் புதுக் குளியலறைக்குள் முதல்முறை போய்விட்டு வந்து சொன்னது ஒரே வாக்கியம்தான்: "வாளி எங்க?"

மேலே சிரிப்பு தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

சரி, அவளையாவது எரிய வைப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரையும் டிபனுக்குக் கூப்பிட்டேன். அதற்கு முந்தைய நாள் முழுக்க எலுமிச்சையும் வினிகரும் போட்டு உப்பைத் தேய்த்தேன், நைட்டியையும் லுங்கியையும் எடுத்தேன். ஒரு மாடி இறங்க லிஃப்டில் வந்தார்கள். அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். இதில் இது வேறா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆண்கள் ஹாலில் உட்கார்ந்ததும், "அக்கா, வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று அவளைக் கூட்டிப்போனேன்.

அவள் கறுப்பு டைல்ஸைப் பார்க்கவில்லை. ஷவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததும் அவள் இடது கை தானாகப் போய் ராடைப் பிடித்தது. வலது காலை மெதுவாக இழுத்து வைத்து, பாதி திரும்பி, திண்டில் உட்கார்ந்தாள். பல நாள் பழகியதுபோல் இருந்தது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"உனக்குமா?" என்றாள். "எப்பலேர்ந்து?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னக்கா என்று கேட்டேன்.

அவளே சொன்னாள். நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி. ஒரு வருஷமாக வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துகொண்டு வருகிறது. பழைய குளியலறையில் இரண்டு தடவை விழுந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் வாசற்கட்டையை எடுத்ததும், கதவை வெளிப்பக்கமாகப் போட்டதும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், அவள் உள்ளே விழுந்துவிட்டால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாதாம். தினமும் குளிப்பாட்டுவது அவர்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மேஸ்திரியிடம்கூடக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி பரிதாபமாகப் பார்த்தால் அவளால் தாங்க முடியாதாம்.

"மொத நாள் வெக்கம் தாங்காம அழுதுட்டேன். அதனால தெனமும் ஏதாவது கோமாளித்தனம் பண்ணி சிரிக்க வெச்சுடுவாரு."

நான் வாசலிலேயே நின்றேன். ஸ்பூனை வைத்துக் கண்ணாடி முன்னால் நான் ஆடிய ஆட்டம் நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது.

"இல்லக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. உங்க வீட்ல இருந்துச்சு, அழகா இருந்துச்சு. அதான் நானும் போட்டேன்" என்றேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு நான் தினமும் கேட்கும் அதே சிரிப்பைச் சிரித்தாள். திண்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"நான் பயந்தே போயிட்டேன் தெரியுமா? தெனமும் காலைல நீ வாளிய ரொப்பி, தூக்கி, டங்குனு வெப்ப. மேல கேக்கும். ஒரு கையால தூக்கறா பாருன்னு எனக்கு அப்படியே எரியும். ஒரு மாசமா அந்தச் சத்தம் இல்ல. இங்க வந்து பாத்தா ராடு. சரி, பாவி, உனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே நினைப்புதான். வெட்கம் ஒரு பக்கம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் வியாதி தெரிந்த பிறகும் என் பொறாமை போகவில்லை. வாளியைத் தூக்க என்னிடம் கை இருக்கிறது. கோமாளித்தனம் பண்ண அவளிடம் ஆள் இருக்கிறார். இதை நினைத்தபோது, நான் எவ்வளவு மட்டமானவள் என்றும் சேர்த்தே நினைத்தேன்.

மறுநாள் காலை இரும்பு வாளியை பால்கனியிலிருந்து எடுத்து வந்து குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டேன். பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டு திண்டில் உட்கார்ந்தேன். மேலே ஏழேகால் மணித் தண்ணீர்ச் சத்தம் தொடங்கியது. கதவைக் கொஞ்சம் திறந்து, "கொஞ்சம் இங்க வாங்க" என்று குரல் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். "என்ன?"

"முதுகுக்குத் தண்ணி ஊத்தி விடுங்க."

"ஏன்? கை வலியா?"

சும்மாதான் என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் சும்மா எதையும் கேட்டதில்லை. "ஆமா, வலது கை. தூக்கவே முடியல" என்று சொல்லிவிட்டேன். மேலே அவளுக்கு நிஜமாகவே தூக்க முடியாத கை. அது தெரிந்துதான் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முதல் குவளைத் தண்ணீரை என் முதுகில் பயந்து பயந்து ஊற்றினார். வாளி நடுவில் இருந்ததால் அவருக்குக் கால் வைக்க இடமில்லை. அதை நகர்த்தக் குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றார்.

"விடுங்க, உங்களுக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, நிறைந்திருந்த வாளியை வலது கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். டங்கென்று சத்தம் கேட்டது.

மேலே பேச்சு நின்றது.

அவர் வாளியைப் பார்த்தார். அதன் கம்பிப் பிடியை இன்னும் விடாத என் கையைப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் உப்புப் பூத்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது குவளையை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

குவளையை வாளிக்குள் விட்டு நிறைய மொண்டார்.

"திரும்பு," என்றார்.